முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது

முன்னிகழ்வு ஏதும் இல்லை என்று ஜெபராஜ் எழுதியிருந்த இடத்தில் வந்து இசக்கியம்மாளின் பேனா நின்றுவிட்டது. மதியம் இரண்டரை மணி. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வயிற்றில் இதமாக இறங்கிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே வேப்பமரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, மின்விசிறி போடாமலே காற்று வந்தது, மேசையில் தபால் குறைவு, மூட்டு வலிகூட இன்று லீவு போட்டுவிட்ட மாதிரி இருந்தது. நகராட்சி அலுவலகத்தின் மாடியில் கண்காணிப்பாளர் நாற்காலியில் அவள் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது, இன்னும் ஐந்து மாதம் போனால் அறுபது நிறைந்து ஓய்வு. இப்படிப்பட்ட நாளில் ஒரு கோப்பைப் படித்து, சரி என்று சுருக்கொப்பம் போட்டுத் தள்ளிவிட்டு, அடுத்ததை எடுப்பது வெற்றிலை போடுகிற மாதிரி. ஆனால் பேனா நகரவில்லை. தெற்குமேட்டுத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் பேச்சிமுத்துவின் மனு அது. அவன் மனைவி பவித்ரா போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள், ஏழு மாதம் வெளியூரில் பயிற்சி, கைக்குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. பகலில் பவித்ராவின் அக்கா பார்த்துக்கொள்வாள், சாயங்காலமும் ராத்திரியும் அவன்தான் பார்க்கவேண்டும், அதனால் அந்த ஏழு மாதத்துக்கு மட்டும் காலை முறை வேலையே கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். மற்ற இரண்டு ஆபரேட்டர்களும் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவன் கையெழுத்துக்குப் பக்கத்தில், கேட்காமலே, 'நல்ல பையன்' என்று வேறு எழுதியிருந்தான். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த தாளில் ஜெபராஜின் குறிப்பு. ஆண் பணியாளருக்குக் குழந்தைப் பராமரிப்பின் பொருட்டு முறை மாற்றம் வழங்கிய முன்னிகழ்வு ஏதும் இல்லை, ஆகவே கோரிக்கையை ஏற்க இயலாது. அழகான கையெழுத்து. ஜெபராஜ் நல்ல உதவியாளன், விதி தெரிந்தவன், பொய் எழுதுகிறவன் இல்லை.

முன்னிகழ்வு. அந்த வார்த்தையை அவள் நாக்குக்கு அடியில் கல்கண்டு மாதிரி ஒதுக்கிவைத்துக்கொண்டாள். முப்பத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்த வார்த்தை. பழைய கோப்புகளில் முன்னுதாரணம் என்று இருக்கும், பிற்பாடு தூய தமிழ் வந்து முன்னிகழ்வு ஆனது, ஆங்கிலம் தெரிந்த அதிகாரிகள் வாய்ப்பேச்சில் பிரிசிடென்ட் என்பார்கள், புதிதாக வேலைக்கு வந்தபோது அவள் அதைப் பிரசிடென்ட் என்று கேட்டு, பஞ்சாயத்துப் பிரசிடென்டுக்கும் இந்தக் கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பியிருக்கிறாள். வெளியே மேடையில் ஒருவரை முன்னுதாரணம் என்று சொன்னால் மாலை போடுகிறார்கள். அதே சொல் கோப்புக்குள் நுழைந்துவிட்டால் பூச்சாண்டி. நாளைக்கு இதையே முன்னுதாரணமாகக் காட்டி எல்லாவனும் வந்து நிற்பான் என்று ஒரு குரல் போதும், எந்த நல்ல காரியமும் கட்டப்பட்டு அலமாரிக்குப் போய்விடும். அப்புறம் இந்த 'முன்' இருக்கிறதே, அது என்ன சொல்? முன்னொரு காலத்தில் என்றால் கழிந்துபோனது. முன்னால் போ என்றால் இனிப் போகவேண்டிய வழி. முதுகுக்கு அந்தப் பக்கம் கிடப்பதும் முகத்துக்கு எதிரே கிடப்பதும் எப்படி ஒரே வார்த்தையாயிற்று. யாரோ எப்போதோ நடந்து போய்விட்டான், அதனால் அவன் நமக்கு முன்னால் நடக்கிறான், அப்படித்தானா. முன்னேர் போன வழியே பின்னேர் என்று அந்தக்கால மேலாளர் வைகுண்டம் சார் வாய்க்கு வாய் சொல்வார். ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த அவள் ஏரைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை, ஆனாலும் ஒரு சந்தேகம் அப்போதிருந்தே உண்டு. அந்த முதல் ஏர் யாருடைய வழியே போயிற்று? கேட்டதில்லை. வைகுண்டம் சாரிடம் கேள்வி கேட்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது, கேட்டதற்கு முன்னிகழ்வு இல்லை, இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

சிரிப்புத்தான் வந்தது, ஆனால் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. முன்னிகழ்வு இல்லை என்பது பொய். ஜெபராஜ் தெரியாமல் எழுதிய பொய், தெரிந்தவள் அவள். தொண்ணூற்று நாலில் மகள் மலர்விழி பிறந்து மூன்று மாதம் முடிகிறது, விடுப்பு முடிகிறது, அவள் வீட்டுக்காரர் லாரி செட்டில் கணக்கெழுத விடியக்காலையில் போகிறவர், பிள்ளையை விட்டுவிட்டு வர ஒரு வாசல் கிடையாது. வேலையை விட்டுவிடலாம் என்று ராஜினாமாக் கடிதமே தட்டச்சு செய்துவிட்டாள், இந்த அலுவலகத்து மெஷினிலேயே. அதை எடுத்துக்கொண்டு அப்போதைய ஆணையரிடம் போனால், மனுஷன் கடிதத்தைப் படித்துவிட்டு, ரெண்டு எழுத்துப் பிழை இருக்கே, நீ பிழை விடுகிறவள் இல்லையே என்றார். அவள் நின்றபடி அழுதாள். பதிவறை காலியாத்தானே கிடக்கு, அங்க தொட்டில் கட்டிக்க என்றார். அப்படித்தான் ஐந்து மாதம் மலர்விழி பழைய கோப்புகளுக்கு நடுவில் பருத்திச் சேலைத் தொட்டிலில் வளர்ந்தாள். பதிவறை எழுத்தர் பிச்சையா அண்ணாச்சி தொட்டிலில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். கையில் வரிப்பதிவேடு, காலில் தொட்டில். கால் ஆடிக்கொண்டே இருக்கும், பிள்ளை தூங்கும், மனுஷர் ஒரு பதிவைக்கூடத் தப்பவிட்டதில்லை. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் அவள் போய்ப் பால் கொடுப்பாள், அண்ணாச்சி அந்த நேரம் வராந்தாவில் நின்று பீடி குடிப்பார். மலர்விழி மேல் பழைய தாள் வாசமும் பால் வாசமும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்குக் கோயம்புத்தூரில் எலும்பு முறிந்தவர்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட், புத்தகக் கடைக்குள் போனால் ஏனோ தூக்கம் வருதும்மா என்கிறாள். அந்த வாசத்தை நினைத்ததும் இசக்கியம்மாளுக்கு மார்புக்குள் ஏதோ சுரப்பது போலிருந்தது, அறுபதை எட்டப்போகும் வயதில், மேசைக்கு முன்னால். அதற்கான உத்தரவை அவளேதான் தட்டச்சு செய்தாள். அனுமதிக்கலாம் என்று ஆணையர் பச்சை மையில் எழுதி, அடுத்த வரியில், இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது என்றும் எழுதியிருந்தார். அன்றைக்கு அந்த வரி கண்ணிலேயே படவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவள் செம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பாளா.

படித்தது ஏழு வருடம் கழித்து. இரண்டாயிரத்து ஒன்று, ஆடி மாதம், பேருந்து நிலையத்தில் காற்று பாலிதீன் பைகளைத் தூக்கிச் சுழற்றிய நாள். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆரோக்கியமேரி அதே மாதிரி ஒரு மனு கொடுத்தாள், கைக்குழந்தை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஒரு மூலை கொடுத்தால் போதும். வைகுண்டம் சார் பதிலை வாயால் சொல்ல, இவள் அடித்துக்கொண்டே வந்தாள். இவ்வலுவலகத்தில் இதுபோன்ற முன்னிகழ்வு ஏதும் இல்லாத நிலையில். 'முன்' என்பதோடு விரல் நின்றுவிட்டது. என்னம்மா நிக்குது என்றார். சார், எனக்கு என்று ஆரம்பித்தாள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "உனக்குக் குடுத்தத முன்னுதாரணமா எடுக்கக் கூடாதுன்னு அந்த உத்தரவுலயே இருக்கு. அப்ப அது முன்னுதாரணம் இல்ல. இல்லாதத இல்லைன்னுதானே எழுதணும்?" என்றார். அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அன்றைக்கும் தெரியவில்லை, பிற்பாடு எத்தனையோ தடவை பேருந்தில், சமையலறையில், ரேஷன் கடை வரிசையில் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள், நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்த மாதிரி எல்லாப் பக்கமும் ஓடும், பிடி கிடைக்காது. நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று ஆக்க ஒரு வரி போதும். பிள்ளை தூங்கியது உண்டு, அண்ணாச்சியின் பெருவிரல் ஆடியது உண்டு, ஆனால் கோப்பில் அது இல்லை. அவள் அடித்து முடித்தாள். ஆரோக்கியம் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பில் போனாள், திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் அவளுக்கு முன்னால் இருந்தார்கள், இன்றுவரை கீழ்த்தளத்தில் அதே பிரிவில் உதவியாளராகவே இருக்கிறாள். படிக்கட்டில் பார்த்தால் "நல்லா இருக்கீகளாக்கா" என்பாள். நல்லா இருக்கேன் ஆரோக்கியம் என்று இவள் சொல்லிவிட்டு, இரண்டு படி வேகமாக ஏறுவாள்.

"மேடம், அந்தத் தண்ணித்தொட்டி ஃபைல் ஆயிட்டா? ஆணையர் அஞ்சு மணிக்குக் கிளம்புதாரு" என்று ஜெபராஜ் எதிர் மேசையிலிருந்து கேட்டான்.

"எங்கயெல்லாம் தேடுன ஜெபராஜ்?"

"பத்து வருசக் கோப்பையும் பாத்துட்டேன் மேடம். ஒண்ணுமில்ல. பாவம்தான், நல்ல பையன். ஆனா இவனுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாவனும் வந்து நிப்பானே."

"எத்தன பேரு பொண்டாட்டி போலீசுக்குப் போறா, எல்லாவனும் வந்து நிக்க?" என்றாள். ஜெபராஜ் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பதிவறைக்கு இப்போது தனி ஆள் இல்லை, சாவி அவளிடம்தான். கதவைத் திறந்ததும் அதே வாசம். வருடவாரியாகக் கட்டி வைத்திருந்த கோப்புகளில் தொண்ணூற்று நாலு உடனே அகப்பட்டது, இரண்டாயிரத்து ஒன்றை அடியிலிருந்து உருவ வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும்? இருந்ததை இல்லை என்று எழுதினார்கள் என்று ஆகும், அடித்த கை இது என்று ஆகும். ஐந்து மாதம் இருக்கிறது ஓய்வுக்கு. யாராவது நீட்டி முழக்கினால் ஒழுங்கு நடவடிக்கை என்று பதினேழு பி குற்றச்சாட்டு ஒன்றை நீட்டுவார்கள், விசாரணை முடியும்வரை ஓய்வு பெற விடமாட்டார்கள், அப்படி நின்றுபோனவர்களை அவளுக்குத் தெரியும், ஒரு சுகாதார ஆய்வாளர் நாலு வருடம் நடந்தே செருப்புத் தேய்ந்தார். வேண்டாத வேலை. ஒன்றும் செய்ய வேண்டாம், தொண்ணூற்று நாலை மட்டும் வை, இரண்டாயிரத்து ஒன்று யாருக்கு ஞாபகம்? ஆரோக்கியத்துக்கு ஞாபகம். சரி, அவளுக்கு மட்டும்தானே. அவளுக்கு மட்டும்தானே என்று மனசு சொன்னதும் இரண்டாயிரத்து ஒன்றையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்புறம் இன்னொரு சிக்கல் எதிரே வந்து குந்தியது. அது தாய், இவன் தகப்பன். அது தொட்டில், இது முறை மாற்றம். அது பகல், இது ராத்திரி. ஒன்று இன்னொன்றுக்கு உதாரணம் ஆக எத்தனை பொருத்தம் வேண்டும்? கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள், பத்தும் பொருந்தியும் அடித்துக்கொள்கிறார்கள், ஒன்றிரண்டே பொருந்தியும் அவளும் அவள் வீட்டுக்காரரும் முப்பத்தைந்து வருடமாகச் சேர்ந்து டீ குடிக்கிறார்கள். எது மாறினாலும் பரவாயில்லை, எது மாறக்கூடாது என்பதுதான் கேள்வி. பிள்ளை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளை, வேலையை விட முடியாத பெற்றவர், கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால் தீர்ந்துபோகிற அலுவலகம். இந்த மூன்றும் அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருக்கிறது, ஆரோக்கியத்திடமும் இருந்தது. அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது. தூசியில் மூன்று தும்மல் போட்டாள், தும்மல் போட்டதும் மனசு லேசாகிவிட்டது, பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி.

மேசைக்கு வந்து ஜெபராஜின் குறிப்புக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். இந்த அலுவலகத்தில் முன்னிகழ்வு உண்டு. 1994இல் தட்டச்சர் சு. இசக்கியம்மாளுக்கு, கைக்குழந்தையைப் பணியிடத்தில் வைத்துப் பராமரிக்க ஐந்து மாதம் அனுமதி வழங்கப்பட்டுள்ளது. அலுவலகப் பணிக்கு எவ்விதக் குந்தகமும் நேரவில்லை. அங்கே சற்று நிறுத்தி, பிச்சையா அண்ணாச்சியின் கால் விரலைப் பற்றி ஒரு வரி எழுதினால் என்ன என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். 2001இல் திருமதி ஆரோக்கியமேரி இதேபோல் கோரியபோது, முன்னிகழ்வு இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது. அது சரியன்று. அக்கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். இரு கோப்புகளும் இணைக்கப்பட்டுள்ளன. பேச்சிமுத்துவின் கோரிக்கையை ஏற்கலாம். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஒரு முறை படித்தாள். 'அக்கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்' என்ற வரி குறிப்பின் நடையிலேயே இல்லை, குறிப்பில் நான் என்று யாரும் எழுதுவதில்லை, கையொப்பமிட்டவர் என்பார்கள். அதைக் கோடு போட்டு அடிக்கப் பேனாவை எடுத்தாள். அடிக்கவில்லை.

ஆணையர் சின்னவர், முப்பத்து நாலு வயது, வடக்கே வேலூர்ப் பக்கம். நாலரை மணிக்கு அவர் அறையில் அவள் நின்றாள். அவர் மூன்று கோப்பையும் திறந்து வைத்து நிதானமாகப் படித்தார். படிக்கிறவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அவள் சுவரிலிருந்த நகர வரைபடத்தைப் பார்த்தாள். தெற்குமேட்டுத் தொட்டி நீல வட்டமாக இருந்தது. அந்த வட்டத்தை இரண்டு முறை கண்ணால் சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றில் அவர் பேசினார்.

"இந்த இசக்கியம்மாள் நீங்கதானா?"

"ஆமா சார்."

"ரெண்டாயிரத்து ஒண்ணு ஃபைல நீங்க வைக்காம இருந்திருக்கலாமே. இந்தப் பையனுக்கு அது தேவையில்லையே."

"பையனுக்குத் தேவையில்ல சார்" என்றாள். பதினேழு பி, பதினேழு பி என்று காதுக்குள் ஒரு பல்லி கத்தியது.

அவர் பழைய கடிதத்தை மறுபடி பார்த்தார். "சொன்னத அடிச்சிருக்கீங்க. சொன்னவர் இப்ப இல்ல. இத நான் பெருசாக்கப் போறதில்ல" என்றார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அனுமதிக்கப்படுகிறது என்று பச்சை மையில் எழுதினார். அடுத்த வரிக்குப் பேனா இறங்கி, தாளுக்கு மேலேயே நின்றது. "வழக்கமா இங்க ஒரு வரி போடுவாங்க இல்ல, முன்னுதாரணமாகக் கொள்ளலாகாதுன்னு?"

"போடுவாக சார். போடுறதுக்கு நெறைய முன்னுதாரணம் இருக்கு" என்றாள் இசக்கியம்மாள். "போடாம விட்டதுக்குத்தான் இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, வெளியே வரலாமா என்று யோசித்து, வந்துவிட்டது. கையெழுத்தை மட்டும் போட்டுக் கோப்பை மூடினார்.

வராந்தாவுக்கு வந்து பேச்சிமுத்துவுக்கு அவளே போன் செய்தாள். மோட்டார் இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல் வந்தது. "மேடமா? சொல்லுங்க மேடம், என்ன ஆச்சி?"

"ஆயிட்டு தம்பி. ஒண்ணாந்தேதியில இருந்து காலை முறைதான் ஒனக்கு. பவித்ராட்ட சொல்லு, தைரியமாப் போவட்டும்."

அவன், "மேடம், தொட்டி நெறஞ்சிட்டு, மோட்டார அமத்திட்டு வாரேன், லயன்ல இருங்க" என்றான். அவள் காத்திருந்தாள். திரும்பி வந்தவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சரி சரி, வேலையப் பாரு என்று வைத்தாள். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தது, முதல் படியில் வந்து தயங்கியது. கீழே போகவேண்டும். இத்தனை வருடமும் இந்தப் படிகளில் வேகமாக ஏறத்தான் தெரிந்தது, மெதுவாக இறங்குவது எப்படி என்று கால் கேட்டது. ஒவ்வொரு படியாக இறங்கினாள். என்ன சொல்லப் போகிறாய், மன்னிச்சுக்கோ என்றா, அதைச் சொல்லி என்ன, போன வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது. பேசாமல் கோப்பைக் காட்டு. கோப்பு ஆணையர் அறையில் இருக்கிறது. சரி, நடந்ததைச் சொல்.

பிறப்பு இறப்புப் பிரிவில் கூட்டம் வடிந்திருந்தது. ஆரோக்கியம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பிறப்புச் சான்றிதழில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் மேசைக்கு இந்தப் பக்கம் மனு கொடுக்க வந்தவள் மாதிரி நின்று, பேச்சிமுத்து விஷயத்தைச் சொன்னாள், இரண்டு பழைய கோப்பைச் சேர்த்ததைச் சொன்னாள், கடைசியில், "ஆரோக்கியம், ஒனக்கு முன்னிகழ்வு இல்லைன்னு போன கடிதம், அத அடிச்சது நாந்தான்" என்றாள்.

ஆரோக்கியம் முத்திரையை மை அட்டையில் வைத்தாள். "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"கடிதத்துக்கு அடியில அடிச்சவுக முதலெழுத்து இருக்குமே. சு.இ.ன்னு போட்டிருந்துச்சே."

"அப்ப ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்கத்தான் மாடி ஏறி வந்தேன், மறுநாளே. நீங்க மெஷினுக்கு முன்னால ஒக்காந்து அழுதுட்டு இருந்தீக. சரி, ஒரு ஆபீசுல ரெண்டு பேரு அழுதா சோலி நடக்காதுன்னு எறங்கிட்டேன்." அவள் சிரித்தாள், சிரித்த கண் கொஞ்சம் நனைந்திருந்தது. "ஆனா கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா பொய்யி. ரொம்ப வருசம் இருந்துச்சுக்கா." சான்றிதழை ஓரமாக நகர்த்தினாள். "என் மனுவும் அந்த ஃபைலோட போயிருக்கா?"

"போயிருக்கு."

"அப்ப இனிமே யாரு கேட்டு வந்தாலும் அதையும் எடுத்துப் பாப்பாக."

"பாக்கணும். பாப்பாக."

ஆரோக்கியம் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, பக்கத்திலிருந்த நாற்காலியில் கிடந்த பதிவேடுகளை அள்ளித் தரையில் வைத்துவிட்டு, "நின்னுட்டே பேசுதீகளே, இருங்கக்கா" என்றாள். இசக்கியம்மாள் மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு கால் குட்டையான மர நாற்காலி, உட்கார்ந்ததும் லேசாக ஆடி நின்றது. ஐந்தரை ஆகியும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இத்தனை காலம் வேலை பார்த்தும், அந்தப் பிரிவில் இசக்கியம்மாள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.